ஐம்பது பிரதிக்கு ஓர் அச்சகம்: ஆறு வருட டிஜிட்டல் பிரிண்டுக்குப் பிறகு

2011இல் நான் போட்ட சிறுகதைத் தொகுப்பின் கட்டுகள் இன்னும் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அப்போது ஆஃப்செட்டில் முந்நூறு பிரதி கேட்டால் சிரிப்பார்கள். பிளேட் (அச்சுத் தகடு) செய்யும் செலவு எத்தனை அடித்தாலும் ஒன்றுதான் என்பதால், "ஆயிரமாவே போட்டுடுங்க சார்" என்பார்கள். அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை கிடைத்தால் பிழைத்தோம், இல்லையென்றால் கட்டில்தான்.

2019இல் பிளேட்டே தேவைப்படாத டிஜிட்டல் பிரிண்டுக்கு மாறினேன். 50 போடுவேன், தீர்ந்தால் இன்னொரு 50. பிரதிக்கு ஆகும் செலவு ஏறக்குறைய இரு மடங்கு, உண்மைதான். ஆனால் பணம் முடங்குவதில்லை.

இன்னொரு சுகம், ஃபாரம் கணக்கு ஒழிந்தது. ஒரே பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கங்கள்தான் ஃபாரம்; டெமி என்ற புத்தக அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம். புத்தகம் 163 பக்கம் வந்தால் எங்கெங்கோ நசுக்கி 160 ஆக்குவோம். ஒரு கவிஞரிடம் "கடைசிக் கவிதையை எடுத்துடலாமா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது 164 என்றால் 164.

தலைவலி மறுபதிப்பில்தான். பழைய கோப்பெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. அந்தக் கால எழுத்துருக்களில் 'கெ' வேண்டுமென்றால் கொம்பை முதலில் அடித்து, பிறகு 'க' அடிப்போம். யூனிகோடில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் சேமிக்கப்படும். பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் மென்பொருள் இந்த இடமாற்றத்தைப் பெரும்பாலும் சரியாகவே செய்யும். ஆனால் இரண்டுக்கும் நடுவே வரி உடைந்திருந்தால் போச்சு: வரி முனையில் கொம்பு மட்டும் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே மெய்ப்பு பார்ப்பவருக்கு வேலை குறையவில்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது.

அச்சுத் தரத்தில் எழுத்து கூர்மையாகவே விழுகிறது. டோனரின் (டிஜிட்டல் பிரிண்டில் மைக்குப் பதிலாக வரும் பொடி) லேசான மினுமினுப்பு எனக்குப் பிடிக்காது, வாசகர் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. அட்டை நிறம்தான் ஏமாற்றும். ஒரே புத்தகம் முதல் தவணையில் அரக்குச் சிவப்பு, அடுத்ததில் செங்கல் நிறம். பைண்டிங் அதைவிட மோசம்: ஒரு கடையில் ஒட்டிய 50இல் 12 பிரதி, மே மாத வெயிலில் பசை விட்டு முதுகோடு கழன்று வந்தன. கடை மாற்றினேன்.

முந்நூறுக்கு மேல் விற்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் இப்போதும் ஆஃப்செட்டுக்குத்தான் போகிறேன். மற்றதற்கெல்லாம் டிஜிட்டல். அதுவும் முதலில் ஒரே ஒரு பிரதி வாங்கி, நடுப்பக்கத்தில் பிளந்து பின்பக்கமாக மடக்கிப் பார்த்து, தாள் பிடித்து நின்றால்தான் மிச்சம் 49க்குப் பணம் கட்டுவேன்.