காப்பீட்டு அட்டை இருந்தும் ரொக்கம் கேட்கிறார்களா? கையெழுத்திடும் முன் இதைப் படியுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை நம்பித் தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பங்களின் கவனத்துக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மாவட்டத் தலைநகரில், வாசலிலேயே அத்திட்டத்தின் பலகையை மாட்டியிருக்கும் ஒரு மருத்துவமனை, என் தந்தையின் மாரடைப்புச் சிகிச்சைக்காக எங்களிடம் ரொக்கமாக 90,000 ரூபாய் வாங்கியதோடு, அதே சிகிச்சைக்குத் திட்டத்திலிருந்தும் தொகை பெற்றுக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நெஞ்சுவலியோடு அப்பாவை அங்கே சேர்த்தோம். இதய ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோ படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே ஸ்டென்ட் (அடைப்பு நீங்கிய ரத்தக்குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தாக வேண்டும் என்றார்கள். அட்டையை நீட்டியதும் காப்பீட்டுப் பிரிவில் இருந்தவர், விடுமுறை நாள் என்பதால் திட்டத்தின் முன் அனுமதி வரத் தாமதமாகும், காத்திருப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். அடுத்து, திட்டத்தில் வரும் ஸ்டென்ட் சாதாரண ரகம், நல்லது வேண்டுமானால் வித்தியாசத் தொகையைக் கட்டுங்கள் என்றார். ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் மனிதரை வைத்துக்கொண்டு யார்தான் பேரம் பேச முடியும்? மாமாவிடமும் தெரிந்தவர்களிடமும் புரட்டிக் கட்டினோம். ரசீது கேட்டதற்கு, மருத்துவமனையின் பெயரோ பில் எண்ணோ இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் 'அட்வான்ஸ் 90' என்று எழுதித் தந்தார்கள். ஆயிரம் என்ற சொல்கூட அதில் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அம்மாவிடம் ஆங்கிலப் படிவங்கள் சிலவற்றில் கையெழுத்து வாங்கினார்கள். அவற்றுள் ஒன்று, பணம் எதுவும் செலுத்தாமல் இலவசமாகச் சிகிச்சை பெற்றதாகக் கூறும் உறுதிமொழி என்பது, ஆட்சியர் அலுவலகத்தின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் அட்டை எண்ணைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் வெளிவந்தது.

அவர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் நிற்காது. 2012 முதல் நடைமுறையில் இருக்கும் இத்திட்டத்தின் அடிப்படையே, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு நோயாளியிடம் ரொக்கம் வாங்கக் கூடாது என்பதுதான். இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை பெற வழியுண்டு. அவசர நோயாளியாக இருந்தால் தொலைபேசி வழியே அனுமதி பெற்றுச் சிகிச்சையைத் தொடங்கலாம். ஸ்டென்டின் விலையையோ மத்திய அரசு 2017 பிப்ரவரியிலேயே கட்டுப்படுத்திவிட்டது: மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அன்று நிர்ணயித்த உச்சவரம்பு 29,600 ரூபாய். பிறகு அது திருத்தப்பட்டு வந்தபோதிலும், எங்களிடம் 'வித்தியாசம்' என்று வாங்கிய தொகையில் பாதியைக்கூட எட்டவில்லை. உயிருக்குப் போராடுபவருக்கு உடனடிச் சிகிச்சை அளிப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் உரிய கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அப்படியிருக்க, பணம் வந்த பிறகே அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். (அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்மீது எனக்குக் குறையில்லை, அவர் பணியைச் செம்மையாகவே செய்தார்.)

அட்டை வைத்திருப்பவர் சலுகை கேட்டு வந்தவரல்லர். அவருக்கான கட்டணத்தை மக்களின் வரிப்பணத்திலிருந்து அரசு செலுத்துகிறது. இதை அறிந்தவர்களே அவரைக் கையேந்த வைக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

ஆகவே, உங்களிடம் பணம் கேட்டால், எதற்காக, எவ்வளவு என்பதை மருத்துவமனையின் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்குப் பிறகு அதே கவுண்டருக்குச் சென்ற ஒரு குடும்பம் அப்படிக் கேட்டதும் பேச்சு மாறியது. அங்கிருந்தபடியே 1800 425 3993 என்ற திட்டத்தின் கட்டணமில்லா எண்ணை அழைத்து அட்டை எண்ணைச் சொல்லுங்கள். புரியாத மொழியில் உள்ள படிவத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

நாங்கள் ஆட்சியரிடம் எழுத்து மூலம் புகார் அளித்த பிறகு, அந்தத் துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் புகாரைத் திரும்பப் பெற்றால் பாதிப் பணத்தைத் தருவதாக மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தார். மறுத்துவிட்டோம், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.