மக்கர் பண்ணதே இல்லை என்று சொல்ல எத்தனை ரவுண்டு வேண்டும்?

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது ஒரே பதில்தான்: "நம்ம பீஸ் இதுவரைக்கும் ஒரு தடவைகூட மக்கர் பண்ணதில்லை." மதுரையில் ரைபிள் கிளப்பில் கேட்டிருக்கிறேன், தேர்தலுக்காக ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைக்கப் போகும்போதும் கேட்டிருக்கிறேன். சரி, மொத்தம் எத்தனை ரவுண்டு சுட்டிருப்பீங்க என்று திருப்பிக் கேட்டால் பேச்சு தோட்டா விலைக்குத் தாவிவிடும்.

புள்ளியியலில் இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு கோளாறும் இல்லாமல் சுட்ட எண்ணிக்கையால் 3-ஐ வகுக்க வேண்டும். 50 ரவுண்டு சுத்தமாகப் போயிருந்தால் 3/50, அதாவது 6 சதவீதம். கோளாறு அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம், அவ்வளவுதான். பதினாறு பதினேழு குண்டுக்கு ஒன்று வெடிக்காமல் போகிற துப்பாக்கியாகவும் அது இருக்கலாம். நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே என்று சொல்ல 300 ரவுண்டு வேண்டும், ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 3,000. லைசென்ஸ் புத்தகத்தில் அனுமதித்த தோட்டாவையும் அதன் விலையையும் வைத்துப் பார்த்தால் நம்மில் பலருக்கு ஆயுசு போதாது. பங்குனியில் மணலாகக் கிடக்கிற வைகையைக் கடந்துவிட்டு நீச்சல் தெரியும் என்பது போலத்தான் இந்த "மக்கர் பண்ணதில்லை".

என் மச்சினனுக்கு லைசென்ஸ் கைக்கு வரப்போகிறது. வாடிப்பட்டிப் பக்கம் நெல் வியாபாரம், கையில் ரொக்கம் புழங்கும். "மாமா, ரிவால்வரா பிஸ்டலா, எது நம்பிக்கை?" என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறான். எங்கள் சித்தப்பா பட்டாளத்தில் இஷாப்பூரில் செய்த 9 எம்.எம். பிரௌனிங் பிஸ்டல் சுட்டவர். "அது சிக்கி நான் பார்த்ததே இல்லடா" என்கிறார். அவர் சுட்ட எண்ணிக்கைக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த பிஸ்டலைச் சோதிக்க ஒரு ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆள், இருந்தார், ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்றிக் கொடுத்தார், தோட்டாவும் பட்டாளத்துத் தோட்டா. மச்சினன் வீட்டு பீரோவில் ஆர்மரர் கிடையாது.

அப்படியானால் சோதனைத் தரவை நம்பலாமா? 1911-இல் அமெரிக்க ராணுவம் கோல்ட் (Colt) கம்பெனி பிஸ்டலை 6,000 ரவுண்டு சுட்டுப் பார்த்தது. சூடானால் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். கோல்ட்டில் ஒரு கோளாறும் பதிவாகவில்லை, போட்டிக்கு வந்த சாவேஜ் கம்பெனி பிஸ்டலில் 37. மேலே சொன்ன கணக்கில் 3/6000 என்றால் இரண்டாயிரத்துக்கு ஒன்று. இது பேசத் தகுந்த எண். ஆனால் அதுவும் அன்றைக்குச் சுட்ட அந்த ஒரு பிஸ்டலைப் பற்றியது. 1985-இல் அதே ராணுவம் பல கட்டச் சோதனைக்குப் பிறகு பெரெட்டா பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. சில ஆண்டுகளிலேயே சிலவற்றில் ஸ்லைடு (சுடும்போது பின்னுக்குப் போய்வரும் மேல்பாகம்) உடைந்து சுட்டவர் முகத்தில் அடித்தது. ஆக, சோதனை சொல்வது அதிகம் போனால் மாடலைப் பற்றி. நம் இடுப்பில் இருக்கும் பீஸைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இப்போது என் .32 ரிவால்வர். ஆறு குண்டு, நடுவில் மடித்துத் திறக்கும் ரகம். திறந்தால் காலித் தோட்டாக்கள் ஆறும் ஒன்றாக மேலெழும்பி வரும். அந்த ஒரு சுகத்துக்காகவே வைத்திருக்கிறேன் என்றாலும் தப்பில்லை. வெயில் நாள் வியர்வையில் தோல் உறையிலேயே போட்டுவைத்தால் துருப்பிடிக்கும், தோட்டாவின் பித்தளையில் பச்சை படரும். துணியில் சுற்றித் தனியே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

தொல்லை எல்லாம் ட்ரிகர், அதாவது விசை. தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹேமரைப் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால் வெண்ணெய். நேரடியாக விசையை இழுத்துச் சுட்டால் விரல் நடுங்கி, குறி இலக்கை விட்டு ஓடும். அந்த எரிச்சலில்தான் ரிப்பேருக்குக் கொடுத்தேன். ஸ்பிரிங்கை மாற்றி, உரசும் இடங்களைத் தேய்த்து, பூப்போல ஆக்கிக் கொடுத்தார் கடைக்காரர். சந்தோஷமாக ரேஞ்சுக்குப் போனால் "டக்". வெடிக்கவில்லை. தாமதமாக வெடிக்கலாம் என்பதால் குழாயை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிஷம் காத்திருந்து எடுத்துப் பார்த்தேன். தோட்டாவின் அடியில் அடி வாங்கித் தீப்பற்ற வைக்கும் பிரைமரில் பட்டும் படாமலும் ஒரு வடு. பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்காவிட்டால் தோட்டாவைச் சந்தேகப்படலாம். வடு இவ்வளவு லேசாக இருந்தால் முதல் சந்தேகம் அடியின் மேல்தான். விசையை இலகுவாக்கிய அதே ஸ்பிரிங்தான் ஹேமரின் அடியையும் மெலிதாக்கியிருந்தது. பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு வாங்கினேன். விரல் வலி திரும்பியது, "டக்" போனது. போனதா என்றால், அதற்குப் பிறகு சுட்டதை வைத்து நான் சொல்லக்கூடியதும் அதே 3-ஐ வகுக்கிற கணக்குதான்.

ரிவால்வர் சிக்காது என்று கிளப்பில் ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. ஒரு குண்டு வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் அடுத்தது வரும், அது வசதி. ஆனால் காலியைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத்துகள் மாட்டினால், குண்டுகள் இருக்கும் சிலிண்டர் சுற்றாமல் போகலாம். அதை நின்ற இடத்தில் சட்டென்று சரி செய்ய முடியாது; பிஸ்டல் சிக்கினால் பல நேரம் ஸ்லைடை இழுத்துவிட்டாலே போதும்.

இதற்கு மேல் தேர்தல். 2024-இல் மார்ச் நடுவில் அறிவிப்பு, ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. ஓட்டுப் போட்ட பிறகும் துப்பாக்கி ஸ்டேஷனிலேயே கிடந்தது. தேவைப்படும் நேரத்தில் கையில் இல்லாத பொருளுக்கு நம்பகத்தன்மை எத்தனை சதவீதம் என்று எந்தச் சோதனையிலும் அளக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் நல்ல பீஸ். பதினைந்து மீட்டரில் ஹேமரை இழுத்து வைத்துச் சுட்டால் இன்றைக்கும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று விழும். ஆனாலும் மச்சினனிடம் "வாங்காதே மாப்ளே, ரொக்கத்தைக் குறைச்சு பேங்க் வழியா வாங்கப் பாரு" என்றுதான் சொன்னேன். "அப்ப உங்களோடத எனக்குக் கொடுத்துருங்க, எழுதி மாத்திக்கலாம்" என்றான். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.