மாண்ட்ரியல் நெறிமுறையும் பாரிஸ் ஒப்பந்தமும்: எது சாதித்தது, ஏன்?

1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்திருப்பதை விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில், 1987-இல், மாண்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. குளிர்சாதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் என்ற வேதிப்பொருள்தான் குற்றவாளி. எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நெறிமுறை கறாராகச் சொன்னது. சேராத நாடுகளோடு அந்த வேதிப்பொருள்களை வணிகம் செய்யவும் தடை. ஏழை நாடுகள் மாறிக்கொள்ளப் பின்னர் தனி நிதியும் வந்தது. என் பார்வையில் வெற்றியின் உயிர்நாடி இந்த நிதிதான். ஓசோனை அரிக்கும் பொருள்களில் ஏறத்தாழ 99 சதவீதம் இன்று ஒழிந்துவிட்டது.

2015-இன் பாரிஸ் ஒப்பந்தம் வேறு மாதிரி. பூமியின் வெப்ப உயர்வை 2 டிகிரி செல்சியஸுக்கு வெகுவாகக் கீழே நிறுத்த வேண்டும், முடிந்தால் 1.5-க்குள். ஆனால் இலக்கை ஒவ்வொரு நாடும் தானே வகுத்துக்கொள்ளும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும். தவறினால் தண்டனை கிடையாது. இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. அங்கே சில வேதிப்பொருள்கள், அவற்றைச் செய்யும் சில நிறுவனங்கள், கைக்கெட்டிய மாற்றுப்பொருள்கள். இங்கே நிலக்கரி, எண்ணெய், சிமெண்ட், விவசாயம் என்று வாழ்க்கை முழுவதும் சிக்கியிருக்கிறது.

இன்னொன்று: ஓசோனைக் கெடுக்கும் வாயுக்கள் பூமியையும் சூடாக்குபவை. அவற்றின் இடத்துக்கு வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்களும் அப்படியே. அவற்றைக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் திருத்தியது மாண்ட்ரியல் நெறிமுறையைத்தான்.