ஆசாரி பட்டறையா, மாடுலர் யூனிட்டா?

இன்டீரியர் டிசைன் முடித்துவிட்டு மதுரையில் வேலை தேடும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "அண்ணே, மரவேலை கொஞ்சம் கத்துக்கணும், எங்க போகட்டும்?" ஊருக்குள் இருக்கும் ஆசாரி பட்டறை ஒன்று. புறநகரில் ஷெட் போட்டு, அலமாரி, கிச்சன் கேபினெட் பாகங்களை மெஷினில் அளவாக அறுத்துத் தரும் மாடுலர் யூனிட் இன்னொன்று. இரண்டிலும் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பட்டறையில் பேச்சு இஞ்சும் நூலும். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். "ஒரு நூல் விட்டு அறு தம்பி, அப்புறம் இழைச்சுக்கலாம்" என்பார் ஆசாரி. யூனிட்டில் இழைக்கும் பேச்சே கிடையாது. கதவுக்குள் புதையும் கீல் கிண்ணத்துக்கு 35 மில்லி துளை, தட்டு தாங்கும் துளைகளுக்கு நடுவே 32 மில்லி இடைவெளி. ஒரு நூல் பிசகினாலே கதவு கோணிக்கொண்டு நிற்கும்.

பட்டறையில் முதல் வாரம் உளி தீட்டுவதிலேயே போய்விடும். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கதவுச் சட்டத்துக்கு ஒரு கட்டையில் துளையும், அதில் செருக இன்னொரு கட்டையின் முனையில் நாக்கும் எடுக்கும்போதுதான் மரம் பிடிபட ஆரம்பிக்கும். நாக்கின் கனம் கட்டையின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கூடினால் துளைச் சுவர் பிளக்கும், குறைந்தால் நாக்கு ஒடியும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது, அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். ஐப்பசி மழையில் இறுக்கிப் பிடிக்கும் கதவு சித்திரை வெயிலில் சந்து விடுவது அதனால்தான். நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், பசை போடாமல் சும்மா செருகி வைப்பதற்கும் இதே காரணம். பசை போட்டு ஒட்டினால் பலகை வெடித்துவிடும்.

பிளைவுட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஊதுவதும் சுருங்குவதும் மிகக் கொஞ்சம். யூனிட்டில் கற்க வேண்டியது வேறு: கணக்கு. 8க்கு 4 அடி ஷீட்டில் வீணாகாமல் துண்டு பிரிக்க வேண்டும். ரம்பம் தின்னும் 3 மில்லியைச் சேர்க்க மறக்கக் கூடாது.

இந்தக் கணக்கில் நானே மாட்டியிருக்கிறேன். என் முதல் வார்ட்ரோபில் டிராயர் பெட்டியை உள்அகலத்துக்குச் சரியாக வரைந்து கொடுத்தேன். டிராயர் ஓடும் இரும்புத் தண்டவாளமான டெலஸ்கோபிக் சேனல் பக்கத்துக்கு அரை இஞ்ச் கேட்கும். உள்அகலம் 450 மில்லி என்றால் பெட்டி 424தான் இருக்க வேண்டும். ஆறு டிராயரும் குப்பைக்குப் போயின. வீட்டிலேயே லேமினேட் ஒட்டும் வேலையென்றால் உள்பக்கம் ஒட்டும் 0.8 மில்லியையும் இரு புறமும் கழிக்க வேண்டும். யூனிட்டில் மேல்பூச்சோடு வரும் பிரீலாம் பலகையின் 18 மில்லியிலேயே அது அடக்கம். வரைபடம் போடும் ஆளுக்கு இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் சைட்டில் தினமும் சண்டைதான்.

ஐடிஐ கார்பென்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. தச்சுவேலையே தொழில் என்றால் தாராளமாகச் சேரலாம். டிசைனருக்கு அவ்வளவு தேவையில்லை. யூடியூப்? உளி எந்தக் கோணத்தில் வழுக்கும் என்பது அதில் தெரியாது.

என் யோசனை: மூன்று மாதம் பட்டறை, பிறகு இரண்டு மாதம் யூனிட். வரிசையை மாற்ற வேண்டாம். மெஷின் பழகிய கை உளிக்குத் திரும்பி வருவதை நான் பார்த்ததில்லை. பட்டறையில் ஆடி மாதம் சேருவது நல்லது. அந்த மாதம் யாரும் புதுவீடு புகுவதில்லை. ஆசாரிக்குக் கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும், கேட்டால் நின்று சொல்லிக்கொடுப்பார். ஆவணி பிறந்துவிட்டால் அவரிடம் பேச்சு வாங்க முடியாது, ஏச்சுதான் கிடைக்கும்.