கேஸ் ரிஜெக்ட் ஆனபிறகு: தீர்ப்பாயமா, நீதிமன்றமா, அமைச்சரா?

ஆஸ்திரேலியாவில் தஞ்சம் கேட்பவர்களுக்கான பாதுகாப்பு விசா (866ஆம் வகை) மறுக்கப்பட்ட கடிதம் வந்ததும் நம் ஆட்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ட்ரைபியூனலுக்குப் போ என்பார் ஒருவர். கோர்ட்டுக்குப் போனால் நீதிபதியே பார்ப்பார் என்பார் இன்னொருவர். குடிவரவு அமைச்சருக்கு எழுது என்பவரும் உண்டு. ஆனால் உங்கள் கதையை முதலிலிருந்து திரும்பக் கேட்கிற இடம் இதில் ஒன்றுதான்: நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம். 2024 அக்டோபர் 14இல், ஏஏடி என்ற பழைய நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் இடத்துக்கு வந்தது அது.

அங்கே, விசாவை மறுத்த உள்துறைத் திணைக்களம் எழுதிய காரணங்கள், வழக்கைக் கேட்கும் தீர்ப்பாய உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது. புதிய ஆவணம் கொடுக்கலாம், சாட்சி அழைக்கலாம். நீங்கள் நாட்டை விட்டு வந்த நாளின் நிலைமையோடு நிற்காமல், இன்று திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆபத்துக்கான வாய்ப்பு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் அது பாதுகாப்புக்குப் போதுமான மெய்யான வாய்ப்பாக இருக்கலாம் என்று 1989இல் சான் வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அகதி வரைவிலக்கணத்துக்குள் வராவிட்டாலும், சித்திரவதை போன்ற பாரிய தீங்கு காத்திருந்தால் 2012 முதல் துணைப் பாதுகாப்பு என்ற வழியும் உண்டு.

கஷ்டமும் இங்கேதான். முதல் நேர்காணலில் 2009 வைகாசியில் பிடித்தார்கள் என்று சொல்லி, வாக்குமூலத்தில் 2010 என்று இருந்தால், உறுப்பினர் இரண்டையும் காட்டிக் கேட்பார். முன்பு சொல்லாததைப் புதிதாகச் சொன்னால், ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் வேண்டும். இல்லாவிட்டால் அதை உங்களுக்கு எதிராக எடுக்கச் சட்டமே சொல்கிறது. தடுப்பில் நடந்த பாலியல் வதையை வெட்கத்தால் மறைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் உளவியலாளரின் அறிக்கையை விசாரணைக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

படகில் வந்து, ஃபாஸ்ட் ட்ராக் என்ற விரைவு நடைமுறையில் சிக்கியவர்களுக்கு இந்த விசாரணையே கிடைக்கவில்லை. அவர்களின் மறுப்புகளை மீளாய்வு செய்த ஐஏஏ என்ற அமைப்பு பெரும்பாலும் தாள்களை மட்டும் பார்த்து முடித்தது.

நீதிமன்றம் வேறு கேள்வி கேட்கிறது. திணைக்களத்தின் மறுப்பை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போகவும் முடியாது. தீர்ப்பாயத்தில் தோற்று 35 நாளுக்குள் போனால், தீர்ப்பாயம் சட்டப் பிழை விட்டதா என்று மட்டும் பார்ப்பார்கள்: ஒரு கோரிக்கையைக் கவனிக்காமல் விட்டார்களா, பதில் சொல்ல இடம் கொடுத்தார்களா என்று. நீங்கள் சொன்னது உண்மையா என்பது அங்கே பேச்சில்லை. வென்றாலும் விசா வராது. வழக்கு தீர்ப்பாயத்துக்கே திரும்பும். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

அமைச்சரின் தலையீடு கடைசிக் கதவு. அதுவும் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வந்தபிறகே. அவரைக் கட்டாயப்படுத்த எவராலும் முடியாது. கடிதம் அனுப்பியதாலேயே தங்கும் உரிமையும் வந்துவிடாது.

ஆகவே சட்டத்தரணிக்கு ஒரு தடவை கொடுக்கத்தான் காசு இருக்கிறதென்றால், அதைத் தீர்ப்பாயத்துக்கே செலவழியுங்கள். அங்கே விண்ணப்பிக்கும்போது கட்டணமும் இல்லை. தோற்றால்தான் கட்ட வேண்டும். இலங்கைத் தமிழ் பேசும் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். திணைக்களத்திடம் உங்கள் கோப்பைக் கேளுங்கள், ஆனால் அது வரும்வரை காத்திருக்காதீர்கள். கோப்புக்கு 30 நாளும் ஆகலாம். தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க இருப்பது 28 நாள்தான், தடுப்பு முகாமில் இருந்தால் இன்னும் குறைவு. அந்தக் கெடுவை நீட்டும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கே இல்லை.