வலிப்பைத் தொடங்குவது புறணியா, தாலமஸா?

பேசிக்கொண்டிருக்கும் குழந்தை பாதிச் சொல்லில் நின்றுவிடுகிறது. சில விநாடிகள் வெறித்த பார்வை. பிறகு விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடர்கிறது. அப்சன்ஸ் வலிப்பு எனப்படும் இதன்போது எடுக்கும் இ.இ.ஜி. (மூளை மின்னலை) பதிவில், மூளையின் இரு பக்கங்களிலும் ஒரே நேரத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 3 முறை, கூர்முனையும் அலையுமாக ஒரு தாளம் எழும்.

இரு பக்கமும் ஒரே கணத்தில் என்றால் நடுவிலிருந்துதானே கிளம்பியிருக்க வேண்டும்? மூளை ஆய்வாளர்கள் பென்ஃபீல்டும் ஜாஸ்பரும் அப்படித்தான் கருதினார்கள். ஜாஸ்பர் 1940களிலேயே மூளையின் நடுவே ஆழத்தில் இருக்கும் தாலமஸைப் பூனையில் விநாடிக்கு 3 முறை மின்னால் தூண்டி, மூளையின் வெளியடுக்கான புறணியின் இரு பக்கங்களிலும் அதே போன்ற அலைகளை எழுப்பிக் காட்டியிருந்தார். வலுவான சான்றுதான். ஆனால் தூண்டினால் எழுகிறது என்பதும், தானாக எழும்போது அங்கிருந்தே எழுகிறது என்பதும் ஒன்றல்ல.

வலிப்பு ஆய்வாளர் பியர் குளோர் அதைத் திருப்பிப் பார்த்தார். பூனையின் புறணியில் மட்டும் நியூரான்களைக் கிளர்த்தும் நீர்த்த பென்சிலினைப் பரவலாகத் தடவியபோது அந்த அலைகள் வந்தன. தாலமஸில் செலுத்தியபோது வரவில்லை. தாலமஸ் அனுப்புவது உறக்கத்தில் வரும் வழக்கமான தாளத்தைத்தான், மிகையாகக் கிளர்ந்திருக்கும் புறணியே அதை வலிப்பாக்குகிறது என்பது அவர் தரப்பு. 2002இல் வெளியான எலி ஆய்வு இன்னும் கூர்மையானது. பிறவியிலேயே அப்சன்ஸ் வலிப்புள்ள அந்த எலிகளில், வாயைச் சுற்றிய தொடு உணர்வைப் பெறும் புறணிப் பகுதியில்தான் வலிப்பு தொடங்கியது. முதல் அரை விநாடி புறணி முந்தியது. பிறகு புறணியும் தாலமஸும் மாறி மாறி முந்தின.

அந்த அரை விநாடியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தொடக்கம் குறித்த வழக்கில் புறணியின் பக்கமே சான்று கனக்கிறது. ஆனால் தாளத்தை நீட்டிப்பதில் தாலமஸின் பங்கு பெரிது. தாலமஸைப் போர்த்தியிருக்கும் மெல்லிய நியூரான் அடுக்கைப் புறணி உசுப்புகிறது. அது உள்ளிருக்கும் நியூரான்களை அடக்குகிறது. இங்கே அடக்குவது அமைதியில் முடிவதில்லை. அடக்கப்பட்ட நியூரான்களில் டி-வகைக் கால்சியம் வாயில்கள் (கால்சியத்தை உள்ளே விடும் திறப்புகள்) திறக்கத் தயாராகின்றன. பிடி தளர்ந்ததும் அவை திறந்து, நியூரான்கள் கொத்தாகப் பாய்ந்து புறணியைத் தாக்குகின்றன. சுற்று மறுபடி தொடங்குகிறது. அப்சன்ஸுக்குத் தரப்படும் எதோசக்சிமைடு மருந்து இந்த வாயில்களைத்தான் தடுக்கிறது என்பது பரவலான விளக்கம்.

காதுக்கு அருகே மூளையின் பக்கவாட்டுப் பகுதியான பொட்டு மடலில் எழும் வலிப்பில் போட்டி வேறு. நினைவு தவறுவது ஏன்? ஆழத்திலுள்ள விழிப்பு மையங்கள் ஒடுக்கப்பட்டு, புறணி உறக்கம் போன்ற மெதுவான அலைகளில் விழுகிறது என்கிறார் ஆய்வாளர் புளுமென்ஃபெல்ட். இன்னோர் ஆய்வாளரான பார்த்தலோமேயின் குழு தாலமஸும் புறணியும் அளவுமீறி ஒத்திசைவதைக் காரணம் காட்டுகிறது. மூளையின் பெரும்பகுதி ஏன் செயலிழக்கிறது என்பதை முதல் விளக்கமே எனக்குத் தெளிவாகச் சொல்கிறது. வலிப்பின் எல்லாக் கட்டங்களுக்கும் அது பொருந்த வேண்டியதில்லை.

சிகிச்சைக்கு வந்தால், மூலத்தைத் தேடிப் போகாமல் சுற்றைக் குலைப்பதும் ஒரு வழியாக இருக்கிறது. மருந்துக்கு அடங்காத பகுதி வலிப்பு (மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு) உள்ள 110 பேரிடம் நடந்த சோதனையில், வலிப்பு எங்கே தொடங்கினாலும் மின்முனைகள் தாலமஸின் முன்பகுதியிலேயே வைக்கப்பட்டன. 3 மாத ஒப்பீட்டின் இறுதியில், மின்தூண்டல் பெற்றவர்களுக்கு வலிப்பு இடைநிலை அளவில் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. கருவி பொருத்தப்பட்டும் மின்சாரம் செலுத்தப்படாதவர்களுக்குக் குறைந்தது 14.5 சதவீதம்.