எண்களை அணைத்த பிறகும் காலியாகவே இருக்கும் தீவு: கோஸ்ட் ரீகன் பிரேக்பாயின்ட்

2019 அக்டோபரில் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கோஸ்ட் ரீகன் பிரேக்பாயின்ட் என்ற ராணுவ வீடியோ கேம் வெளியானபோது விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் சராசரி 60-ஐ ஒட்டியே தடுமாறியது. மாதம் முடிவதற்குள் யூபிசாஃப்ட் தன் வருவாய்க் கணிப்பைக் குறைத்து அறிவித்தது. வாட்ச் டாக்ஸ் லீஜியன் உட்பட மூன்று கேம்கள் தள்ளிப்போயின. முந்தைய பாகத்திலிருந்து போதுமான வித்தியாசம் இல்லை, புதிய அம்சங்கள் சரியாகக் கைகூடவில்லை என்று நிறுவனத் தலைவர் ஈவ் கியேமோவே ஒப்புக்கொண்டார்.

வந்த காலத்திலிருந்து விட்டுவிட்டு இதை விளையாடி வருகிறேன். அன்றைய விமர்சனங்கள் நியாயமானவைதான். ஆனால் அவை அதிகம் திட்டியது லூட்டையும் (வழியில் பொறுக்கிச் சேர்க்கும் ஆயுதங்கள், உடைகள்) கேமுக்குள் இருந்த கடையையும் பக்குகளையும் (நிரல் பிழைகள்). அதில் பெரும்பகுதி பின்னால் வந்த அப்டேட்களில் சரியாகிவிட்டது. எந்த அப்டேட்டாலும் சரிசெய்ய முடியாத குறை ஒன்று இருக்கிறது. அதை அன்று பலர் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிக் கடந்தார்கள்: கதை நடக்கும் அரோவா தீவில் மனிதர்களே இல்லை.

முதலில் லூட். தொடக்கத்தில் இந்த கேமில் தொப்பி, கையுறை, பூட்ஸ், துப்பாக்கி என எல்லாவற்றுக்கும் கியர் ஸ்கோர் என்று ஒரு எண் இருந்தது. மலைச்சரிவில் படுத்துக்கொண்டு ஒரு முகாமை நோட்டம் விடுகிறீர்கள். காவல்கோபுரத்தில் நிற்பவனுக்கு உங்களைவிட எவ்வளவோ பெரிய எண். சைலன்சர் மாட்டிய ஸ்னைப்பரில் தலையைக் குறிபார்த்து ஒரே ஒரு குண்டு, ஆள் காலி. ஹெல்மெட் போட்டிருந்தால் இன்னொரு குண்டு. எண் எதற்கும் குறுக்கே வரவில்லை. அப்படியே உள்ளே நுழைந்து பெட்டியைத் திறந்தால் ஒரு கம்பளித் தொப்பி. போட்டிருக்கும் ஹெல்மெட்டைவிட அதற்கு எண் கொஞ்சம் அதிகம், அதனால் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். பார்த்துப் பார்த்து ஸ்கோப்பும் பிடியும் பொருத்திய துப்பாக்கியை, அதே மாடலின் வேறொரு பிரதி பெரிய எண்ணோடு கிடைத்ததும் கழற்றிப் போட வேண்டும். திட்டமிட்டுப் பதுங்கிச் சுடும் டாக்டிகல் ஷூட்டர் பிடித்தவர்களுக்குத் தன் ஆயுதத்தோடு உண்டாகும் பிணைப்புதான் பாதி ருசி. அதை மணிக்கு நாலு முறை அறுத்துவிடுகிற அமைப்பு இது. டிரோன்களோடு சண்டை வந்தால் மட்டும் எண்ணுக்கு ஓரளவு அர்த்தம் இருந்தது. அந்தச் சண்டைகளோ, குண்டை வாங்கிக்கொண்டே இருக்கும் இரும்புப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுவதுதான்.

2020 மார்ச்சில் வந்த கோஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ் அப்டேட் இதை ஒரு சுவிட்சில் அணைக்க வழிசெய்தது. இது வேறு கேம் என்றே சொல்லலாம். எண்கள் போயின. ஒரே ஒரு பெரிய துப்பாக்கியோடு அலையலாம், கட்டுத்துணி எண்ணிக்கையைக் குறைக்கலாம், திரையில் இருக்கும் மேப்பையும் குறிகளையும் எடுத்துவிடலாம். அப்போதுதான் அடியில் புதைந்திருந்த நல்ல விஷயங்கள் வெளியே வந்தன. செங்குத்துச் சரிவில் வேகமாக இறங்கினால் மூச்சு தீர்ந்து, கால் இடறி உருண்டு விழுகிறோம். காயம் பட்டால் நொண்டுகிறோம். அஸ்ரேல் என்ற வேவு டிரோன் வரும்போது தூரத்திலேயே அந்த இரைச்சல் கேட்கும். ஓடுவதை நிறுத்திக் குப்புற விழுந்து, மண்ணை அள்ளி மேலே பூசிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். அது தலைக்கு மேல் கடக்கும்வரை எத்தனை முறை விளையாடினாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இவ்வளவு நல்ல ஒரு யோசனையை ஆரம்பத்தில் தொப்பிக் கணக்குக்குள் புதைத்து வைத்தார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

கணினியே இயக்கும் ஏஐ கூட்டாளிகள் 2020 ஜூலையில் வந்தார்கள். 2017-இல் வந்த முந்தைய பாகமான வைல்ட்லேண்ட்ஸில் முதல் நாளே இருந்த வசதி அது. அங்கே ஆளுக்கொரு எதிரியைக் குறித்துவிட்டு ஒரே நொடியில் சுட்டு வீழ்த்துவதுதான் கேமின் அடையாளமே. இங்கே அதை எடுத்துவிட்டதற்குக் கதையில் சொன்ன காரணம், நாயகன் நோமாட் தனித்து விடப்பட்டவன் என்பது. சரி என்று ஏற்றுக்கொண்டு, நம் மறைவிடமான எரிவோன் குகைக்குப் போனால், அங்கே மற்ற ஆட்டக்காரர்களின் நோமாட்கள் வரிசையாக உலாவிக்கொண்டிருப்பார்கள்.

இனி அந்தத் தீவு. வைல்ட்லேண்ட்ஸ் காட்டிய பொலிவியாவில் ஆட்சேபிக்க நிறைய உண்டு. பொலிவிய அரசே பிரெஞ்சுத் தூதரகத்தில் புகார் கொடுத்தது. ஆனாலும் அங்கே ஊர்கள் இருந்தன. ரோட்டில் போதைக் கடத்தல் கார்ட்டல் ஆட்களும் யுனிடாட் என்ற அரசுப் படையும் நம் தலையீடே இல்லாமல் முட்டிக்கொள்வார்கள். கார்ட்டல் தலைவன் எல் சுவேன்யோவின் பிடி யார் கழுத்தில் இருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். அரோவாவில் கண்ணாடி வீடுகள், ஆய்வுக்கூடங்கள், டிரோன் தொழிற்சாலைகள். ஸ்கெல் என்ற தொழில்நுட்பக் கோடீஸ்வரனின் கனவு உலகம். சதுப்புநிலமும் பனிமலையும் எரிமலையும் ஒரே மேப்பில். பார்க்க அழகு, மறுக்கவில்லை. யாரைக் காப்பாற்றப் போராடுகிறோம் என்றுதான் புரிவதில்லை. பொதுமக்கள் ஆங்காங்கே நின்று தகவல் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறார்கள். உரையாடலில் தேர்வுகள் தருகிறார்கள், பெரும்பாலும் அவை எதையும் மாற்றுவதில்லை. வில்லன் வாக்கராக வரும் ஜான் பெர்ந்தால் மட்டும் பழைய நினைவுக் காட்சிகளில் உயிரைக் கொடுத்திருக்கிறார். ஒரு நடிகரை வைத்துத் தீவு முழுவதையும் நிரப்ப முடியாது.

2021 நவம்பரில் வந்த ஆபரேஷன் மதர்லேண்ட் என்ற புதிய மோடு இந்த வெறுமையை ஓரளவு தொட்டது. பகுதி பகுதியாகக் கைப்பற்றும்போது நிலைமை மாறும், நம் பக்கத்து ஆட்கள் நடமாட ஆரம்பிப்பார்கள். நான் அதிகம் திரும்பிப் போவது அந்த மோடுக்குத்தான். அடுத்த மாதமே, டிசம்பரில், குவார்ட்ஸ் என்ற பெயரில் வரிசை எண் பொறித்த என்எஃப்டி (பிளாக்செயினில் உரிமை பதிவாகும் டிஜிட்டல் சொத்து) பொருட்களை இதே கேமில் இறக்கினார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், கொதித்தது சரிதான். எண்ணை ஒட்டினால் பொருளுக்கு மதிப்பு வந்துவிடும் என்ற அதே நம்பிக்கை, ஆட்டக்காரர்கள் கியர் ஸ்கோரை அணைத்துவிட்டு நிம்மதியாக விளையாடிக்கொண்டிருந்த கேமுக்குள் மறுபடியும் வந்தது. 2022 ஏப்ரலில் புதிய உள்ளடக்கம் இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் கியர் ஸ்கோரை அணைத்து, மினிமேப்பை எடுத்து, காய வாய்ப்பை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைக் கதையை வாக்கருக்காக மட்டும் ஒருமுறை முடியுங்கள், பிறகு நேராக மதர்லேண்டுக்குப் போய்விடுங்கள். கூட்டாளிகள் இருவராவது உடன் இருக்கட்டும். ஒன்று மட்டும் உங்கள் கையில் இல்லை: தனியாக விளையாடினாலும் இணையம் இல்லாமல் இது தொடங்காது. இத்தனை சுவிட்சுகளைக் கொடுத்தவர்கள் ஆஃப்லைன் சுவிட்ச் ஒன்றையும் கொடுக்க வேண்டும், சர்வர்கள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே.